ஒரு சென்ட் வயல்

பழைய வகுப்புத் தோழிகள் கூடினால் முதல் அரை மணி நேரம் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் எந்த ஊரில் என்பதிலேயே போய்விடும். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு தானாகவே சேற்றில் இறங்கிவிடும். நாங்கள் வேளாண் கல்லூரியில் படித்தவர்கள். இரண்டாம் ஆண்டில் ஆளுக்கு ஒரு சென்ட் நன்செய் நிலத்தை அளந்து கொடுத்து, நாற்றங்கால் தொடங்கிக் கதிர் அறுப்பு வரை எல்லா வேலையையும் நீங்களே செய்ய வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதல். எங்களுக்குக் கொடுத்தது ஆடுதுறை 36, ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வரும் நெல். வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர் இடைவெளி. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 66 குத்து; ஒரு சென்டுக்கு 2,600-க்கு மேல். அத்தனையையும் குனிந்த முதுகோடு, முழங்கால் வரை சேற்றில் நின்று, ஒவ்வொன்றாக ஊன்ற வேண்டும். கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் வளர்ந்த நான், வயலைப் பேருந்து ஜன்னலுக்கு வெளியேதான் அதுவரை பார்த்திருந்தேன்.

பட்டம் வாங்கி இருபது ஆண்டு முடிந்ததையொட்டி 2023-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினோம். நடவு நாள் பற்றிப் பேச்சு வந்தது. நான்தான் ஆரம்பித்தேன். அன்று தூறிக்கொண்டே இருந்ததையும், நனைந்த துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு நட்டதையும், நானும் என் அறைத் தோழியும் நட்ட வரிசைகள்தான் வகுப்பிலேயே மகா கோணல் என்று பெயர் வாங்கியதையும், இருவரும் வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்ததையும் சொன்னேன். ஒருத்தி குறுக்கிட்டாள். மழையே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது என்றாள். இன்னொருத்திக்கு அது காலை ஏழு மணிச் செய்முறை வகுப்பாக நினைவிருந்தது. மற்றொருத்திக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளை. அன்று அறைத் தோழி வரவில்லை. வந்திருந்தால் ஐந்தாவதாக ஒரு கதை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கினேன். செய்முறை ரெக்கார்டு நோட்டு அப்படியே இருந்தது. தேதி, செய்த வேலை, இட்ட உரம், அன்றைய வானிலை என்று பத்தி பிரித்து எழுதி, ஒவ்வொரு வாரமும் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நடவு நாளுக்கு எதிரே என் கையெழுத்திலேயே இருந்தது: வானம் தெளிவு.

அந்த மழையை நான் பொய்யாகச் சொல்லவில்லை. இப்போதும் கண்ணை மூடினால் தூறல் முதுகில் விழுகிறது. ஆனால் அது வேறு எந்த நாளிலிருந்தோ கிளம்பி வந்து நடவு நாளில் குடியேறியிருக்கிறது. பிரெடரிக் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர் 1932-ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கச் சொல்லி, பிறகு வெவ்வேறு இடைவெளிகளில் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. புரியாத இடங்கள் உதிர்ந்தன. அவர்களுக்குப் பழக்கமான பொருள்கள் உள்ளே வந்தன. நினைவு என்பது எடுத்து வைத்ததைத் திரும்ப எடுப்பதாக இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவதாக இருக்கிறது என்றார் அவர். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், கல்லூரியின் நான்கு ஆண்டுகள் என்று எனக்குள் இருப்பது என்ன, அது எப்படி அங்கே வந்தது என்று நிதானமாகப் பார்க்கத் தோன்றியது.

முதலில் பாடம். அதற்காகத்தானே போனோம். ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்காஸ் 1885-ல் மறதியை முதன்முதலாக அளந்து காட்டினார். பொருளற்ற அசைகளாகச் சுமார் 2,300 செய்து, அவற்றை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மறுபடி படித்தார். மறுமுறை படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் மணி நேரத்தில் கொட்டுகிற அளவுக்கு மூன்றாவது வாரத்தில் கொட்டுவதில்லை. உழுது விட்ட வயலில் முதல் மழைக்கு மேல்மண் அடித்துப் போகும், அடிமண் நிற்கும். ஏறக்குறைய அதுபோலத்தான்.

ஆனால் பொருளற்ற அசை வேறு, ஒரு பருவம் முழுக்கப் படித்த பாடம் வேறு. அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்பவர், பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் மொழி படித்த எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 1984-ல் முடிவை வெளியிட்டார். படித்து முடித்து ஐம்பது ஆண்டு ஆனவர்களும் அவர்களில் உண்டு. முதல் மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் நிறையப் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் எஞ்சி நிற்பது கால் நூற்றாண்டுக்கு மேல் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. துருவப் பகுதியில் ஆண்டு முழுதும் உருகாமல் கிடக்கும் மண்ணடுக்கை நினைவூட்டும்படி அவர் இதற்குப் பெயர் வைத்தார். எது அந்த அடுக்குக்குப் போகும்? எத்தனை பருவம் விடாமல் படித்தார்கள், எவ்வளவு ஆழமாகப் படித்தார்கள் என்பது பெரிதும் தீர்மானித்தது. தேர்வுக்கு முந்தின இரவு விழுங்கியது அங்கே போகவே இல்லை.

என்னிடம் சோதித்துப் பார்த்தேன். உயிர்வேதியியலில் பக்கம் பக்கமாக எழுதிய வளர்சிதை மாற்றச் சுழற்சிகளில் இன்று எதையும் வரைய முடியாது. புள்ளியியல் சூத்திரங்களும் போய்விட்டன. ஆனால் கோரையைக் கண்டால் சைபீரஸ் ரொட்டண்டஸ் என்று உதடு முணுமுணுக்கிறது. அருகு, சைனடான் டாக்டைலான். சாரணை, ட்ரையாந்திமா போர்ட்டுலகாஸ்ட்ரம். களைச்செடிகளைப் பிடுங்கி, மண் உதறி, செய்தித்தாளுக்கு நடுவே வைத்துப் புத்தகங்களால் அழுத்திக் காயவைத்து, கெட்டித்தாளில் ஒட்டி, கீழே பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஹெர்பேரியம் என்பார்கள். ஹாஸ்டல் அறையில் மெத்தைக்கு அடியிலும் செடி காயும். வேர் அறுந்திருந்தால் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார். கை பட்டது, மூக்கில் மணம் ஏறியது, மூன்று பருவங்களில் திரும்பத் திரும்ப வந்தது; அதற்குப் பிறகு வங்கியில் பயிர்க்கடன் பிரிவில் சேர்ந்து வயல் வயலாகப் போனபோது அதே செடிகள் வரப்பில் நின்றன. பாரிக் சொன்ன உருகாத மண் எனக்கு அந்தக் கெட்டித்தாள்களுக்கு அடியில் இருக்கிறது.

அடுத்தது முகங்கள். இதே பாரிக் வேறு இருவரோடு சேர்ந்து 1975-ல் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார். பள்ளிப் படிப்பு முடித்த 392 பேரிடம் அவரவர் வகுப்பு ஆண்டு மலரிலிருந்த படங்களை, அந்நியர் படங்களோடு கலந்து காட்டினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்கள்கூடப் பத்துக்கு ஒன்பது முகங்களைச் சரியாகக் காட்டினார்கள். படம் எதுவும் காட்டாமல் உன்னோடு படித்தவர்கள் பெயரைச் சொல் என்றபோது திணறினார்கள். எங்கள் கூடுகையிலும் அதுதான் நடந்தது. வாசலில் இறங்கும்போதே நடையை வைத்து ஆளைத் தெரிந்தது. பெயர் வாய்க்கு வர ஐந்து நிமிடம் ஆயிற்று.

இனி, எனக்கு நெடுநாள் புரியாமலிருந்த கேள்வி. கல்லூரி நான்கு ஆண்டு. வங்கியில் சேர்ந்து இருபது ஆண்டு. ஆனால் நினைத்துப் பார்த்தால் அந்த நான்குதான் பெரிதாக இருக்கிறது. வங்கியில் என் முதல் கிளை, அங்கே சாவிக்கொத்து தொங்கிய ஆணி வரை தெரிகிறது. நான்காவது கிளையில் மூன்று ஆண்டு இருந்தேன். மேலாளர் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இப்படி ஆவதற்கு என் குறை காரணமில்லை என்று பிறகு தெரிந்தது.

1879-ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் தன்மேலேயே ஒரு சோதனை செய்தார். 75 சொற்களைத் தனித்தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அந்தச் சொல் மனத்தில் எதைக் கிளப்புகிறது என்று குறித்தார். பிறகு அந்த நினைவுகள் தன் வாழ்க்கையின் எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்று பிரித்தார். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறுவயதையும் இளமையையும் சேர்ந்தவையாக இருந்தன. அண்மைக்காலத்தைச் சேர்ந்தவை மிகக் குறைவு. அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அந்த முறையை ஆய்வாளர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். 1986-ல் டேவிட் ரூபினும் அவரோடு இருவரும் பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு வடிவம் தெளிவாகத் தெரிந்தது. நடுவயதைத் தாண்டியவர்களின் நினைவுகளை வயதுவாரியாகக் கோடு போட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் அந்தக் கோடு புடைத்து எழுகிறது. நினைவு மேடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சமவெளியில் நடந்துவந்தவர் திரும்பிப் பார்த்தால் ஒரே ஓர் இடம் மட்டும் உயரமாகத் தெரிவது போல.

ஏன் மேடு? அந்த வயதில் மூளை திடமாக இருக்கிறது, அதனால் நன்றாகப் பதிகிறது என்பது ஒரு விளக்கம். நான் யார் என்று ஒருவர் முடிவு செய்யும் காலம் அது, அதனால் அந்தக் காலத்தை அடிக்கடி திரும்ப எடுத்துப் பார்க்கிறோம் என்பது இன்னொன்று. அது முதன்முறைகளின் காலம் என்பது மூன்றாவது. முதல் தனி அறை, முதல் சம்பாத்தியம், முதல் தோல்வி, முதல் நகரம். முதன்முறை நடப்பது மற்றவற்றிலிருந்து பிரிந்து நிற்கிறது. நூறாவது முறை நடப்பது தொண்ணூற்றொன்பதோடு கலந்துவிடுகிறது.

மூன்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் என்னை மூன்றாவதன் பக்கம் சாய்த்தது 1998-ல் ராபர்ட் ஷ்ராஃபும் ரூபினும் வெளியிட்ட ஆய்வு. ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த முதியவர்களிடம் நினைவுகளைக் கேட்டார்கள். இருபதுகளில் குடிபெயர்ந்தவர்களுக்கு மேடு வழக்கமான வயதில் இருந்தது. முப்பதுகளின் நடுவில் குடிபெயர்ந்தவர்களுக்கு மேடு அந்த வயதுக்கு நகர்ந்திருந்தது. வயது மட்டும் காரணமென்றால் அது நகர்ந்திருக்கக் கூடாது. ஊரும் மொழியும் வேலையும் ஒரே நேரத்தில் மாறிய இடத்தில் மேடு எழுந்திருக்கிறது. கல்லூரி நாட்களே வாழ்க்கையின் பொற்காலம், அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம் என்று எங்கள் கூடுகையில் இரண்டு மூன்று பேர் கண் கலங்கச் சொன்னார்கள். அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆண்டுகள் உயர்ந்து தெரிவதால் மற்ற ஆண்டுகள் தாழ்ந்தவை ஆகிவிடாது. அங்கே முதன்முறைகள் குவிந்திருந்தன, அவ்வளவே. குழந்தை பெற்றதும், தகப்பனைப் பறிகொடுத்ததும், சொந்தக் கையெழுத்தில் கடன் வழங்கி ஒரு குடும்பம் தலையெடுத்ததைப் பார்த்ததும் அதைவிடச் சிறிய விஷயங்கள் இல்லை.

அந்த நான்கு ஆண்டுகளுக்குள்ளும் நிலம் சமமாக இல்லை. டேவிட் பில்மர் என்பவர் அமெரிக்காவில் வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியின் பழைய மாணவியரிடம் முதலாம் ஆண்டு நினைவுகளைக் கேட்டு 1988-ல் எழுதினார். இரண்டு ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு, இருபத்திரண்டு ஆண்டு முன்பு படித்து முடித்தவர்கள். அவர்கள் சொன்ன நினைவுகள் ஆண்டு முழுக்கப் பரவியிருக்கவில்லை. கல்லூரி திறந்த முதல் வாரங்களிலேயே குவிந்திருந்தன.

எனக்கும் அப்படித்தான். அப்பா ட்ரங்குப் பெட்டியைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறினார். பக்கெட், குவளை, பூட்டு, இரண்டு சாவி. ஒரு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ தொலைச்சுடுவே, ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அந்தச் சாவியால் என்ன பயன் என்று இருவருக்குமே அப்போது தோன்றவில்லை. பேருந்து கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தார். ஹாஸ்டலில் ஒரே ஒரு தொலைபேசி, வார்டன் அறைக்கு வெளியே. ஞாயிறு காலையில் வெளியூர் அழைப்புகள் வரும். யாருடைய பெயரைக் கூப்பிடுவார்கள் என்று தலைமுடியைக்கூட வாராமல் வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். முதல் மாதத்தின் நான்கு ஞாயிறுகளும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். மூன்றாம் ஆண்டின் ஞாயிறு ஒன்றுகூடத் தனியாக இல்லை.

கடந்த காலத்துக்கான ஏக்கத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லே ஒரு மாணவர் உருவாக்கியதுதான். 1688-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் யோகான்னஸ் ஹோபர் என்ற பத்தொன்பது வயது மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில், வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து நாஸ்டால்ஜியா என்று பெயரிட்டார். அன்று அது ஒரு நோயின் பெயர். அவர் விவரித்தவர்களில் ஒருவர் பெர்ன் நகரத்திலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞர். காய்ச்சலும் துயரமும் மிகுந்து பிழைக்க மாட்டார் என்ற நிலை. ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று வண்டியில் ஏற்றியதுமே தேறத் தொடங்கிவிட்டார். ஆக, அந்தச் சொல் பிறந்தபோது கல்லூரி ஏங்கப்பட்ட இடமாக இல்லை. வீட்டுக்கு ஏங்கவைத்த இடமாக இருந்தது. முதல் மாதத்தில் நானும் அந்தப் பெர்ன் மாணவர்தான். இன்று அந்த வராந்தாவுக்கு ஏங்குகிறேன்.

இந்தத் திருப்பம் எப்படி நேர்கிறது? கசப்பு முதலில் வடிந்துவிடுவதால். இன்பமான நிகழ்ச்சியோடு வந்த உணர்ச்சியைவிடத் துன்பமான நிகழ்ச்சியோடு வந்த உணர்ச்சி விரைவில் மங்குகிறது என்று உளவியல் ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. நிகழ்ச்சி நினைவிருக்கும், சுருக்கென்று குத்தியது மட்டும் போயிருக்கும். மனச்சோர்வில் இருப்பவர்களிடம் இந்த மங்கல் குறைவு என்றும் அவை சொல்கின்றன. மதிப்பெண்ணிலும் இது நடக்கிறது. 1996-ல் பாரிக் குழுவினர் 99 கல்லூரி மாணவர்களைத் தங்கள் பள்ளி மதிப்பெண் தரங்களைச் சொல்லச் சொல்லி, உண்மையான சான்றிதழோடு ஒப்பிட்டார்கள். ஏ வாங்கிய இடங்களில் 89 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். டி வாங்கிய இடங்களில் 29 விழுக்காடுதான் சரி. தவறியவை பெரும்பாலும் மேல்நோக்கியே தவறின. இவர்கள் பள்ளியை விட்டுச் சில ஆண்டுகளே ஆனவர்கள்.

கசப்பு வடிவதற்குக் கூட்டாகப் பேசுவதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் மெஸ் சாம்பாரை அன்று சபித்தோம். இன்று அதைச் சொல்லி இருபது பேர் சேர்ந்து சிரிக்கும்போது அது பண்டிகைச் சாப்பாடு ஆகிவிடுகிறது. ஒரே கதையை ஒவ்வொரு முறையும் சேர்ந்து சொல்லும்போது முனைகள் மழுங்கி, கூழாங்கல் மாதிரி உருண்டு, எல்லோர் கைக்கும் அடக்கமாகிறது. என் நடவு நாள் மழையும் இப்படித்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். ஆனால் சேர்ந்து சிரிக்க முடியாத ஒரு கதை ஒருத்தியிடம் இருந்தால் அது எங்கே போகும்?

நோட்டைப் பார்த்த மறுநாள் அறைத் தோழிக்குப் போன் செய்தேன். அவள் திருவாரூர்ப் பக்கம். இப்போது வேறொரு மாவட்டத்தில் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருக்கிறாள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். கூடுகையின் அழைப்பில் ஒரு வரி இருந்தது: மறுபடி எல்லோரும் நம் வயலில் இறங்கி நட்டுப் படம் எடுத்துக்கொள்வோம்.

"ஏண்டி, சேத்துல எறங்கி போட்டோ எடுக்கவா நான் அவ்வளவு தூரம் வரணும்?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் நடவு நாளைச் சொன்னேன். நாம் இருவரும் நட்டதுதான் மகா கோணல், வரப்பில் உட்கார்ந்து சிரித்தோமே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எங்கம்மா நடவு ஆளு. உனக்கு நான் சொன்னதே இல்லல்ல? ஆறாவது படிக்கறப்பலேந்து லீவு நாள்ல நானும் கூடப் போயி நாத்து முடி எடுத்துக் குடுப்பேன். அப்புறம் நானே நடுவேன். கயிறே வேண்டாம் எனக்கு. அன்னிக்கு நீங்கள்ளாம் கத்திக்கிட்டு எறங்குனீங்க. நான் நேரா நட்டா எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அதான் வேணும்னே கோணலா நட்டேன்."

வரப்பில் உட்கார்ந்து சிரித்தது அவளுக்கும் நினைவிருக்கிறது. பண்ணையில் வேலை செய்யும் நடவு ஆட்களில் ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அவள் விரல் சேற்றுக்குள் போய்வருவதை வைத்து அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று அவளுக்குப் பயம். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நாற்று முடியை அவள் கைக்கு எட்டும் இடத்தில் போட்டுவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நான் மகிழ்ச்சி என்று வைத்திருந்தேன். அவள் தப்பித்தோம் என்று சிரித்திருக்கிறாள்.

பிறகு அவள் மெஸ் பற்றிச் சொன்னாள். எங்கள் மெஸ் பங்கீட்டு முறையில் நடந்தது. மாதம் முழுக்க ஆன அரிசி, காய்கறி, விறகுச் செலவை மொத்தம் சாப்பிட்ட நாள்களால் வகுத்து, அவரவர் நாளால் பெருக்கி வசூலிப்பார்கள். கட்டாதவர்கள் பட்டியலைச் சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் ஒட்டுவார்கள். தொகை பெயருக்கு எதிரே இருக்கும். நான்கு ஆண்டும் அந்தக் கதவைத் தினம் மூன்று முறை கடந்திருக்கிறேன். அந்தத் தாள் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அவளுக்கு அது எந்த மாதத்தில் எந்த வண்ண மையில் எழுதப்பட்டிருந்தது என்பது வரை தெரிகிறது. பட்டியலில் தன் பெயர் இருந்தால் கூட்டம் கலைந்த பிறகு கடைசிப் பந்தியில் போய்ச் சாப்பிடுவாளாம். அவளுக்குப் படிப்பு நிறைய இருக்கிறது, அதனால் தாமதமாக வருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

முதன்முறைகளின் குவியலே நினைவு மேடு என்றால், யாருக்கு எது முதன்முறை என்று கேட்காமல் நம் கல்லூரி நாட்கள் என்று பேச முடியாது. இது அந்தத் தொலைபேசி உரையாடலின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. சேறு எனக்கு முதன்முறை. அவளுக்குச் சேறு வீட்டு வாசல். அவளிடம் கேட்டேன், உனக்கு அங்கே எது மறக்காமல் இருக்கிறது என்று.

"கட்டிலு" என்றாள் உடனே. "எனக்குன்னு ஒரு கட்டிலு. ராத்திரி கால நீட்டினா யார் மேலயும் படாது. மொத நாள் தூக்கமே வல்ல. பக்கத்துல யாரும் இல்லாம எப்படித் தூங்கறதுன்னு தெரியல."

நான் என் கட்டிலில் அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருந்தபோது, நான்கடி தள்ளி அவள் விழித்திருந்திருக்கிறாள். அவளுக்கும் அது வீட்டு ஏக்கம்தான். என்னுடையதைப் போன்றதே இல்லை.

இன்னொன்றும் சொன்னாள். ஒரு சென்ட் நிலத்தில் எங்களுக்கு ஆளுக்கு இருபது கிலோ அளவில் நெல் கண்டது. விற்றுச் செலவு கழித்துப் பங்கைக் கையில் கொடுத்தார்கள். நூறு ரூபாய்க்கும் குறைவு. என் பங்கை நான் என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் அந்தப் பணத்தில் கோ-ஆப்டெக்ஸில் பச்சைக் கரை போட்ட ஒரு போர்வை வாங்கியிருக்கிறாள், கட்டிலுக்கு விரிக்க. அது இப்போதும் அவள் அம்மா வீட்டில் இருக்கிறதாம், கிழிந்து, மடித்துத் தையல் மெஷினுக்கு மேல் போட்டு.

அந்தப் போர்வையை நான் மூன்று ஆண்டு தினமும் பார்த்திருக்கிறேன். பச்சைக் கரை ஒன்று கண்ணுக்குள் வருகிறது. அவள் சொன்ன பிறகு வந்ததா, முன்பே இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பார்ட்லெட்டைப் படித்த பிறகு அப்படிச் சொல்லத் துணிவு வரவில்லை.

வைக்கும் முன் அவள் கேட்டாள்: "நடவு அன்னிக்கு எடுத்த படம் ஒண்ணு இருந்துச்சே, உங்கிட்ட இருக்கா?" எங்கள் வகுப்பில் ஒருத்தியிடம்தான் கேமரா இருந்தது. ஒரு ரோலில் 36 படம். அதை ஒரு பருவம் முழுவதற்கும் வைத்துக்கொள்வோம். நடவுக்கு ஒன்றே ஒன்று எடுத்தாள். அதன் பிரதி என் ட்ரங்குப் பெட்டியில் ரெக்கார்டு நோட்டுக்குள்ளேயே இருந்தது. இருவரும் சேற்றில் நிற்கிறோம், எங்களுக்குப் பின்னால் நட்ட வரிசைகள், வரப்பில் முளைக்குச்சியில் கட்டிய நடவுக் கயிறு. எங்கள் நிழல் கறுப்பாக நீரில் விழுந்திருக்கிறது. நல்ல வெயில்.

படத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒரே ஒரு வரி வந்தது: "என் பக்கத்துல மூணாவது வரிசையைப் பாரு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரிசை கயிற்றை விட்டு விலகி நெளிகிறது. இரண்டாவதும் அப்படியே. நான்காவது, ஐந்தாவது எல்லாம் கோணல். மூன்றாவது மட்டும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நூல் பிடித்தது போல் போகிறது.

அடுத்த வரி வந்தது. "அதுல மறந்துட்டேன்."